கடைக்கண்ணாடி நோய்

முதலில் பாதத்தின் மேற்புறம்.
குளிர்ந்த களிம்பைத் தடவி
பேனா போன்ற கருவியைச் சாய்த்துப் பிடிக்கிறேன்.
நல்ல காலென்றால்
சாட்டை சுழன்று திரும்பும் ஓசை கேட்கும்.
ஹின்னெர்க் ஓல்ட்மனின் வலது காலில்
அடுத்த அறையில் யாரோ
பெருமூச்சு விடுகிறார்கள்,
அவ்வளவுதான்.

கையில் நூற்று ஐம்பது.
கணுக்காலில் அறுபது.
வகுத்தால் பூஜ்யம் புள்ளி நான்கு.
சுண்டுவிரல் ஈய நிறம்.
"வயசு" என்கிறார்.
முப்பத்தோரு வருடம்
மீனை உறைய வைக்கும் கூடத்தில் நின்றவர்.
"வயசு. அப்புறம் இந்தக் காற்று."
பிரேமர்ஹாஃபெனில்
எதற்கும் காற்றின்மேல் பழி போடலாம்.
புகையை விட்டாயிற்று என்று எழுதச் சொல்கிறார்.
விரல்நுனி மஞ்சளை நான் பார்க்காததுபோல்
எழுதுகிறேன்.

எவ்வளவு தூரம் நடப்பீர்கள்?
"தேவையான அளவு."
கோட்டைக் கழற்றாமல் மூலையில் உட்கார்ந்திருந்த வீப்கெ
குறுக்கே புகுந்தார்:
"நன்றாகவே நடப்பார். கடையைக் கண்டால்தான்
கால் நகராது."

அப்போது நான் வாயை மூடியிருக்கலாம்.
இதற்கு எங்கள் ஊரில் ஒரு பெயர் உண்டு,
கடைக்கண்ணாடி நோய் என்றேன்.
எண்பது மீட்டரில் கெண்டைக்கால் கல்லாகும்.
நடுத்தெருவில் சும்மா நிற்பவரை
ஊர் திரும்பிப் பார்க்கும்.
அதனால் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு,
உள்ளே இருக்கும் எதையோ
விரும்புகிறவர்போல...

"அப்படியானால் அந்தக் காற்றழுத்தமானி?"
ஹின்னெர்க் கூரையைப் பார்த்தார்.
"கொம்புப் பிடி போட்ட குடை?"
கூரை.
"நீலக் குவளை ஆறு. அந்தக் கண்ணராவித் தொப்பி.
நாலு பிறந்தநாள்!
நீங்கள் எங்கே நின்றீர்களோ அங்கேயெல்லாம்
மறுநாள் தனியாகப் போய் வாங்கினேன்."

நெடுநேரம் கழித்து,
"குடை நல்ல குடைதான்" என்றார்.

தொடையிலிருந்து ஒரு சிரையை உருவினார்கள்.
இதயத்துக்குத் திரும்பும் வழி மட்டும்
தெரிந்த சிரை.
உள்ளே ஒரு பக்கமாகவே திறக்கும் சின்னச் சின்னக் கதவுகள்.
அதைத் தலைகீழாகத் திருப்பி
அடைத்துக்கொண்ட தமனிக்குப் பக்கத்தில் தைத்தார்கள்:
இத்தனை காலம் வீடு திரும்பினாய்,
இனி வெளியே போ.
ஐந்து மணி நேரம்.
சுண்டுவிரலும் அதன் பக்கத்து விரலும்
போயின.

ஆறாவது வாரம் சாட்டை சுழன்றது.
ஆறாவது மாதம்
கீழ்த்தையலில் ரத்தம் அவசரப்பட்டது,
குறுகிய சந்தில் கூட்டம் ஓடுவதுபோல.
பலூன் விட்டு விரித்தார்கள்.
அன்றைக்கு மஞ்சள் இல்லை விரலில்;
அதையும் நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

ஒரு வருடப் படிவம்:
ஒட்டு திறந்திருக்கிறதா? ஆம்.
கால் இருக்கிறதா? ஆம்.
நோயாளி உயிருடன்? ஆம்.
அதே வாரம், அதே கைகள், அதே நூல்,
இழுவைப்படகு ஓட்டிய ஃபோல்கர்ட்டுக்கு:
இல்லை. இல்லை. ஆம்.
ஏன் என்று எழுத
படிவத்தில் கட்டம் கிடையாது.
அவர் கேட்டபோது
என்னிடமும் கிடையாது.

வலிக்கும்வரை நட, நில், மறுபடி நட.
சிகிச்சையின் மிச்சம் இவ்வளவே.
போன சனிக்கிழமை கடைவீதியில் அவர்களைப் பார்த்தேன்.
குடை மடங்கிக் கையில்.
எண்பதைத் தாண்டி, இருநூறைத் தாண்டி
ஹின்னெர்க் போய்க்கொண்டே இருந்தார்,
கொஞ்சம் வலதுபக்கம் சாய்ந்து.
நின்றது வீப்கெ.
ஒரு கண்ணாடி முன்னால், கைப்பையை அணைத்துக்கொண்டு.

ஹின்னெர்க் திரும்பினார்.
திரும்பி,
நடுத்தெருவில் சும்மா நின்றார்,
எல்லோரும் பார்க்கும்படி.
வேசர் ஆற்றுக் காற்று கோட்டைப் பிடித்து இழுத்தது.

வீப்கெ அசையவில்லை.
அத்தனை நேரம் என்னதான் பார்க்கிறார் என்று
கடக்கும்போது எட்டிப் பார்த்தேன்.
உள்ளே வெறுந்தரை.
கண்ணாடியில் ஒரு அட்டை:
வாடகைக்கு.